மேகத்தில் பெட்டி, சாவி யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் யாருக்கோ பதில் சொல்லும்போது, போகிற போக்கில் "கிளவுட்டில் போட்டுவிட்டால் மட்டும் போதாது" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதிலும் பாதி எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்தும் வந்தவை. கிளவுட் என்றால் நம் தகவலை இணையம் வழியாகப் பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் வைப்பது. சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசுவோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை. கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது தோட்டத்தில் தொடங்கிய சிக்கன நாணயச் சங்கம். தோட்டம் கைமாறிப் போனது, லயமும் இடிந்துவிட்டது, சங்கம் மட்டும் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் ஓடுகிறது. 1,400 உறுப்பினர்கள். ஐசி எண், சம்பளச் சீட்டு, கடன் கணக்கு எல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டரிலும் இரும்பு அலமாரியில் இருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும்தான் இருக்கின்றன. நிர்வாகக் குழுவில் ஒருவர், "கிளவுட்டுக்கு மாற்றிவிடலாம், பாதுகாப்பை அந்தக் கம்பெனிக்காரனே பார்த்துக்கொள்வான்" என்கிறார். உண்மையா அம்மா?
— சங்கச் செயலாளர், சுங்கை சிப்புட்

பாதி உண்மை, ஐயா. மீதிப் பாதியை விற்க வருகிறவர் சொல்ல மாட்டார்.

நீங்கள் லயத்தில் இருந்தவர், அதனால் இப்படிச் சொல்கிறேன். கூரை ஒழுகினால், குழாயில் தண்ணீர் வராவிட்டால், ஆபீசில் போய்ச் சொல்வோம், தோட்டத்திலிருந்து ஆள் வரும். ஆனால் காலையில் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போய், மத்தியானம் வந்து பார்த்தால் பித்தளை அண்டாவைக் காணோம் என்று கிராணியிடம் போய் நின்றால் அவர் என்ன சொல்வார்? கிளவுட்டும் இதே கணக்குதான். கட்டடம், கரண்ட், காவல், பழுதான டிஸ்க்கை மாற்றுவது எல்லாம் அமேசானோ மைக்ரோசாஃப்டோ கூகுளோ பார்த்துக்கொள்ளும். யார் உள்ளே வரலாம், என்ன பாஸ்வர்டு, எந்த ஃபைலை ஊருக்கே திறந்து வைத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் உங்கள் தலையில். பகிர்ந்த பொறுப்பு என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், எழுத்திலும் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. வெறும் சர்வரை வாடகைக்கு எடுத்தால் அதை அவ்வப்போது அப்டேட் செய்வதுகூட உங்கள் வேலைதான். தயாராக இருக்கும் மின்னஞ்சல், ஃபைல் சேவையை எடுத்தால் அந்தச் சுமை குறையும். சாவி யாரிடம் என்கிற பொறுப்பு மட்டும் எதை எடுத்தாலும் உங்களை விட்டுப் போகாது.

2024இல் ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் தரவுச் சேவையில் வைத்திருந்த டிக்கெட்மாஸ்டர், ஏடி அண்ட் டி போன்ற பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளர் தகவல்கள் திருடு போயின. திருடர்கள் ஸ்னோஃப்ளேக்கின் சுவரை உடைக்கவில்லை. அந்த வாடிக்கையாளர் நிறுவனங்களுக்காக வேலை செய்தவர்களின் கம்ப்யூட்டரிலிருந்து வைரஸ் மூலம் முன்பே களவு போன பாஸ்வர்டுகளைப் போட்டு, முன்வாசல் வழியாகவே வந்தார்கள். சில பாஸ்வர்டுகள் 2020இலேயே களவு போனவை, அத்தனை வருஷமாக யாரும் மாற்றவில்லை. பாஸ்வர்டுக்கு அப்புறம் இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பும் (கைப்பேசிக்கு வரும் கோட் மாதிரி) அந்தக் கணக்குகளில் இல்லை.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு 555 புத்தகம், அந்தச் சின்னக் குறிப்புப் புத்தகம்தான், எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் என்னென்ன தகவல் இருக்கிறது, ஒவ்வொன்றையும் யார் பார்க்க வேண்டும், யார் மாற்றலாம், ஒரு நாள் அது கிடைக்காமல் போனால் என்ன ஆகும், ஒரு வாரம் போனால் என்ன ஆகும். இதை எழுத உட்கார்ந்தாலே வேறு சங்கடங்கள் வெளியே வரும், பாருங்கள். கடன் விண்ணப்பத்தைப் பதிவு செய்கிற அதே கிளார்க்கே ஒப்புதலும் கொடுக்க முடிகிறது என்பது தெரியவரும். பத்து வருஷத்துக்கு முன் இறந்துபோனவரின் ஐசி நகல் இன்னும் ஏன் இருக்கிறது என்று ஒருவர் கேட்பார். தேவையில்லாததை முதலில் முறைப்படி அழித்துவிடுங்கள், இல்லாத தகவல் கசியாது. கிளவுட் பாதுகாப்பு வடிவமைப்பு என்று நாங்கள் ஆங்கிலத்தில் பெரிதாகப் பேசுவதில் பாதி வேலை அந்தப் புத்தகத்திலேயே முடிந்துவிடும்.

உங்கள் அளவுக்கு, அதாவது இரண்டு கிளார்க், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர் இருக்கும் இடத்துக்கு, சர்வர் வாடகைக்கு எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் சர்வர் எடுப்பது, பால் வெட்ட ஆள் இல்லாமல் நூறு ஏக்கர் ரப்பர் வாங்கிப் போடுவது மாதிரி. மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ் போல் தயாராக இருப்பதை எடுங்கள். கணக்கு மென்பொருளை அதை விற்றவரே கிளவுட்டில் நடத்திக் கொடுப்பதானால் அவரை உட்கார வைத்துக் கேளுங்கள்: எங்கள் தகவல் எந்த நாட்டில் இருக்கும்? உங்கள் ஆட்களில் யார் யார் எங்கள் கணக்கைத் திறக்க முடியும், திறந்தால் அது எங்கேயாவது பதிவாகுமா? நாளைக்கு நாங்கள் விலகினால் எங்கள் தகவலை எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். நாட்டைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அமேசான் 2024 ஆகஸ்டிலும் மைக்ரோசாஃப்ட் 2025இலும் மலேசியாவிலேயே தங்கள் தரவு மையங்களைத் திறந்துவிட்டன. சிங்கப்பூரில்தான் வைக்க முடியும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை.

"எல்லாமே என்கிரிப்ட் ஆகியிருக்கிறது சார்" என்றும் சொல்வார்கள், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி வைத்திருக்கிறது என்று. நல்லதுதான். டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அதனால் பயன் இருக்காது. ஆனால் உங்கள் பாஸ்வர்டோடு வருகிறவனுக்கு அதே கிளவுட் கதவைத் திறந்து, விளக்கும் போட்டு, உட்காரச் சொல்லும்.

இன்னொன்று, இது நான் கண்ணால் பார்த்தது. ஓர் அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் ஓடிய கம்ப்யூட்டரை, வீட்டிலிருந்தே சரிபார்க்க வசதியாக இருக்கும் என்று மென்பொருள்காரர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இணையத்துக்கு அப்படியே திறந்து வைத்திருந்தார். பாஸ்வர்டு, அலுவலகத்தின் பெயரும் 123உம். நான் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது இரவெல்லாம் யார் யாரோ, எந்தெந்த நாட்டிலிருந்தோ, விடாமல் பாஸ்வர்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது வரிசை வரிசையாகத் தெரிந்தது. யாரும் அந்த அலுவலகத்தைக் குறிவைக்கவில்லை, இயந்திரங்கள் உலகம் முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போகின்றன, அவ்வளவுதான். கிளவுட்டுக்குப் போனாலும் இதே தவற்றைச் செய்யலாம், இன்னும் சுலபமாகவே செய்யலாம். யாராவது தூரத்திலிருந்து உள்ளே வர வேண்டுமென்றால் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழியாக, அவருடைய சொந்தப் பெயரில், இரண்டாம் கட்டச் சரிபார்ப்போடு வரட்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், குழுவில் யாராவது "இதெல்லாம் நமக்கு எதற்கு" என்று கேட்டால் உதவும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிகக் கொடுக்கல் வாங்கலில் சேரும் தனிநபர் தகவலுக்குப் பொருந்துவது. அதைத் திருத்தி, 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை அறிவிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். 1,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல் கசிந்தால் அது பெரிய அளவுக் கசிவு, 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் சொல்ல வேண்டும். உறுப்பினர்களுக்குக் கடுமையான பாதிப்பு வரலாம் என்றால் அதற்கடுத்த 7 நாளுக்குள் அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அதற்கே 250,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் முன்பு 300,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் இப்போது 10 லட்சம் ரிங்கிட். உங்களிடம் 1,400 பேர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சங்க வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் கமிட்டிக்கு ஒரே ஒரு ஜிமெயில். நன்கொடைப் பட்டியல், திருவிழாச் செலவு எல்லாம் அதில்தான். பாஸ்வர்டு ஆறு பேருக்குத் தெரியும். பழைய செயலாளரோடு மனஸ்தாபமாகி அவர் விலகிவிட்டார், ஆனால் கோட் வருவது இன்னும் அவருடைய கைப்பேசிக்குத்தான். போய்க் கேட்கவும் சங்கடமாக இருக்கிறது. என்ன செய்வது அக்கா?
— பொருளாளர், ஓர் ஆலய நிர்வாகக் குழு

போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும் தம்பி, வேறு வழியில்லை. பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு, கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு போங்கள். அவர் எதிரிலேயே உட்கார்ந்து எண்ணை மாற்றிவிட்டு வாருங்கள். அன்றைக்கே பாஸ்வர்டையும் மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பொத்தானையும் அழுத்திவிடுங்கள்.

அப்புறம் உண்டியலை நினைத்துப் பாருங்கள். உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு பேரிடம். திறக்கும்போது நாலு பேர் சுற்றி நிற்க வேண்டும், எண்ணியதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நூறு வெள்ளி உண்டியலுக்கு இவ்வளவு செய்கிற நாம், நன்கொடை கொடுத்த அத்தனை பேருடைய போன் நம்பரும் இருக்கிற கணக்கை ஆறு பேர் ஒரே சாவியில் திறக்கிறோம். யார் திறந்தார், யார் அழித்தார் என்று நாளைக்குக் கேட்டால் யாரைக் காட்டுவீர்கள்?

ஆலயத்தின் பெயரில் ஒரு சொந்த டொமைன் (இணையப் பெயர்) வாங்கி, பதவிக்கு ஒரு முகவரி, ஆளுக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிடுங்கள். செயலாளர் மாறினால் அவருடைய கணக்கை மட்டும் மூடினால் போதும், முகவரி புதியவருக்குப் போகும். எல்லாவற்றையும் ஆளும் அட்மின் கணக்கு இரண்டே இரண்டு இருக்கட்டும், அதைத் தினசரி வேலைக்குத் தொடக்கூடாது. ஒருவர் ஊரில் இல்லாமல் போனாலும், அல்லது காலமாகிவிட்டாலும் (இதையும் யோசிக்கத்தான் வேண்டும்), இன்னொருவர் திறக்கலாம். கைப்பேசி தொலைந்தால் பயன்படுத்தும் மீட்புக் குறியீடுகளை அச்சடித்து, உறையில் போட்டு, ஒட்டி, நகைகள் இருக்கும் பெட்டகத்தில் வையுங்கள். பதவி ஒப்படைக்கும் நாளில் சாவிக்கொத்து, காசோலைப் புத்தகத்தோடு இதையும் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

எஸ்எம்எஸ் கோட் ஒன்றுமே இல்லாததற்கு மேல். அதைவிட ஆப் நல்லது, ஆப்பைவிடக் கையில் பிடிக்கிற பாதுகாப்புச் சாவி நல்லது. நம் வங்கிகளே எஸ்எம்எஸ்ஸில் வரும் டேக் எண்ணைக் கைவிட்டு ஆப்புக்கு மாறியதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஆப்பில் "நீங்கள்தானா?" என்று கேட்கும்போது கைப்பழக்கத்தில் ஆமாம் என்று தட்டிவிடக்கூடாது. 2022இல் ஊபரில் இப்படித்தான் நடந்தது. ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப அனுப்பித் தொல்லை கொடுத்து, கடைசியில் ஒரு தடவை அவர் சரி என்று தட்ட, திருடன் உள்ளே வந்துவிட்டான்.

கேள்வி: நம் படங்கள் எல்லாம் மேகத்தில் இருக்கிறது என்று பேரன் சொல்கிறான். இங்கே சாயங்காலமானால் இடி மின்னல். ஒன்றும் ஆகிவிடாதே?
— ஒரு பாட்டி, லிந்தாங் சாலை

ஒன்றும் ஆகாது பாட்டி. மேகம் என்று சொல்வது பேச்சுக்குத்தான். எல்லாம் தரையில், பெரிய பெரிய கட்டடங்களில், இரவும் பகலும் ஏர்கோன் ஓடும் அறைகளில் இருக்கிறது. ஜொகூரில் கூலாய் பக்கம் இப்போது அப்படிப்பட்ட கட்டடங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கின்றன, ஒரு காலத்தில் நம் ஆட்கள் குலை அறுத்த பக்கம்தான். பேரனிடம் சொல்லி முக்கியமான படங்களை ஈப்போவில் ஒரு கடையில் கழுவி ஆல்பத்திலும் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த கேள்விக்கும் அதுதான் பதில், உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி வைத்திருக்கிறேன், ஏழு வண்டி. போன வருஷம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டு, காசு கேட்டு ஒரு கடிதம் திரையில் வந்தது. பேக்கப் டிஸ்க் கூடவே செருகியிருந்ததால் அதுவும் போச்சு. எடைச் சீட்டை எல்லாம் ஆலையில் போய் நகல் கேட்டு மறுபடி டைப் அடித்தோம். இப்போது ஒன்டிரைவ் போட்டுவிட்டேன். இனி பயமில்லைதானே?
— லோரி குத்தகைக்காரர், கோலகங்சார்

பயம் இருக்கிறது அண்ணே. ஒன்டிரைவோ கூகுள் டிரைவோ செய்வது ஒத்திசைவு. இங்கே ஒரு ஃபைல் மாறினால் அங்கேயும் மாறும், இங்கே பூட்டிக்கொண்டால் பூட்டிக்கொண்ட ஃபைலே மேலேயும் போய் உட்காரும். பழைய பிரதிகளைக் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள், அதிலிருந்து மீட்கலாம், அது உண்மை. ஆனால் உங்கள் கணக்குக்குள்ளேயே ஒருவன் நுழைந்துவிட்டால் அதையும் அழித்துவிடுவான்.

2014இல் கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது, மென்பொருள் எழுதுகிறவர்களின் கோப்புகளை வைத்துக் காப்பதே அதன் தொழில். எல்லாம் அமேசான் கிளவுட்டில். ஒருவன் அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்து காசு கேட்டான். இவர்கள் அவனை வெளியேற்றப் பார்த்ததும் அவன் சர்வர், டிஸ்க், பேக்கப் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் அழித்துக்கொண்டே போனான். பேக்கப்பும் அதே கணக்கில், அதே சாவிக்குள் இருந்தது. நிறுவனத்தையே மூட வேண்டியதாகிவிட்டது.

திருடன்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு இரண்டும் சேர்ந்து சாம்பல். இதற்கு நேர்மாறாக, 2024 மேயில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்குக் கூகுள் கிளவுட்டில் இருந்த தனிப்பட்ட கிளவுட் சந்தாவே ஓர் அமைப்புத் தவற்றால் அழிந்தது. இரண்டு இடங்களில் நகல் இருந்தும் இரண்டும் போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியாக ஒரு பேக்கப் வைத்திருந்தார்கள், மீண்டு வருவதற்கு அது கைகொடுத்தது.

பழைய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். உங்களுக்கு அதை இப்படிச் சொல்கிறேன். வேலை நடக்கும் பிரதி ஒன்டிரைவில் இருக்கட்டும். இரண்டாவது, வேறு நிறுவனத்தின் கிளவுட்டில், வேறு மின்னஞ்சல், வேறு பாஸ்வர்டில், குறிப்பிட்ட நாள்வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதியோடு. உரிமையாளரே நினைத்தாலும் அந்த நாள் வரும்வரை அழிக்க முடியாது, அதுதான் அதன் அழகு. மூன்றாவது ஒரு டிஸ்க், வெள்ளிக்கிழமை செருகி, பிரதி எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோவது. செருகியே வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

பலரும் விட்டுவிடுகிற ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருந்தால் கரண்ட் போகாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். பேக்கப்பும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வேறொரு கம்ப்யூட்டரில், போன மாதத்து எடைச் சீட்டு ஒன்றைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள், எடை சரியாக இருக்கிறதா, தேதி சரியாக இருக்கிறதா என்று. எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறித்து வையுங்கள். ஏழு வண்டி காத்திருக்கும்போது அந்த நேரத்துக்கு விலை உண்டு.

கேள்வி: பள்ளிச் சுற்றுலாவுக்காகப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திர நகல்களை ஒரு டிரைவ் ஃபோல்டரில் சேர்க்கச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டோம். பெற்றோர் ஒருவர் ஆட்சேபிக்கிறார். தவறா?
— பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயற்குழு உறுப்பினர்

ஆட்சேபித்தவருக்கு நன்றி சொல்லுங்கள். "லிங்க் உள்ள எவரும்" என்று வைத்திருப்பீர்கள், அந்த லிங்க் எத்தனை குழுவுக்குப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பெற்றோரும் மற்ற எல்லாப் பிள்ளைகளின் பத்திரத்தையும் பார்க்கலாம், பாருங்கள். இன்றைக்கே லிங்க்கை மூடுங்கள். பேருந்துக்காரருக்குப் பெயரும் எண்ணிக்கையும் போதும், நகல் எதற்கு? கட்டாயம் வேண்டுமென்றால் ஃபாரம் வழியாக வாங்கி, ஒரே ஓர் ஆசிரியருக்கு மட்டும் திறந்து, சுற்றுலா முடிந்த மறுநாள் அழித்துவிடுங்கள்.

கேள்வி: சுங்கை சிப்புட்தான் அக்கா, போலிடெக்னிக்கில் கடைசி வருஷம். அப்பா இன்னும் தோட்டத்தில் மண்டோர். கிளவுட் பாதுகாப்பு வடிவமைப்பில் வேலைக்குப் போக ஆசை. சான்றிதழ் படிப்பா, நிரல் எழுதுவதா, எதில் தொடங்குவது? ஒரு நிறுவனத்துக்குக் கிளவுட்டை முதலிலிருந்து அமைக்கச் சொன்னால் நீங்கள் எப்படி ஆரம்பிப்பீர்கள்?
— மாணவர்

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், அதிலிருந்தே பாடம் கிடைக்கும். வேலையில் சேர்ந்த புதிதில், சொந்தமாகப் பழகிப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதி, எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் ஏற்றினேன். அதற்குள் என் கிளவுட் கணக்கின் அணுகல் சாவி அப்படியே எழுத்தில் இருந்தது. இரவு தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் நான் கால் வைக்காத நாடுகளில் எல்லாம் என் பெயரில் பெரிய பெரிய சர்வர்கள் ஓடி யாருக்கோ கிரிப்டோ நாணயம் (பிட்காயின் மாதிரி மின் நாணயம்) சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தன. பில்லைப் பார்த்ததும் கை நடுங்கியது. சேவை நிறுவனத்துக்கு எழுதிக் கெஞ்சி ஒரு வழியாகத் தள்ளுபடி வாங்கினேன். அப்படிப்பட்ட சாவிகளைத் தேடுவதற்கென்றே இயந்திரங்கள் இணையத்தைச் சலித்துக்கொண்டிருக்கின்றன, ஏற்றிய சில நிமிடங்களிலேயே எடுத்துவிடுகின்றன.

அதனால் நான் எங்கே அமைத்தாலும் முதல் வேலை, நிரந்தரச் சாவி எதுவும் யார் கையிலும், எந்த நிரலிலும் இல்லாமல் பார்ப்பது. மனிதர்கள் நிறுவனத்தின் ஒரே நுழைவு வழியாக வரட்டும், நிரல்களுக்கும் சர்வர்களுக்கும் சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிக அனுமதி போதும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கைப் பூட்டி வைத்துவிட வேண்டும், செலவு இவ்வளவைத் தாண்டினால் எச்சரி என்று முதல் நாளே அமைத்துவிட வேண்டும். (அந்த எச்சரிக்கை எனக்கு இருந்திருந்தால் நடுராத்திரியிலேயே எழுந்திருப்பேன்.)

அடுத்து, கணக்குகளைப் பிரிப்பது. உண்மையான வேலை நடக்கும் கணக்கு, சோதனைக்கு ஒன்று, பதிவேடுகளுக்கு மட்டும் ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று. சோதனையில் யாராவது தவறு செய்தால் அது அங்கேயே நிற்கும். பதிவேடு ஏன் தனியாக என்றால், திருடன் முதலில் அழிக்கப் பார்ப்பது தன் காலடித் தடத்தைத்தான். வலையமைப்பில் தரவுத்தளத்துக்கு வெளி முகவரியே கொடுக்கக்கூடாது, வெளியே முகம் காட்டுவது ஒரு வாசல் மட்டும், உள்ளே ஒவ்வொன்றும் தனக்குத் தேவையான அடுத்ததோடு மட்டும் பேச வேண்டும். இவற்றை எல்லாம் கையால் சொடுக்கிச் சொடுக்கி அமைக்காமல் டெராஃபார்ம் மாதிரி, அமைப்பை எழுத்தில் வைத்திருக்கும் மென்பொருள் ஒன்றில் எழுதி வைத்தால், யார் எப்போது எந்தக் கதவைத் திறந்தார் என்று பிறகு படித்துப் பார்க்கலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்த பிறகுதான் அது நடப்புக்கு வர வேண்டும், உண்டியல் மாதிரியே.

அனுமதியை எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் நடந்ததைத் தேடிப் படியுங்கள், பாடப் புத்தகத்தைவிட அதிகம் கற்றுத் தரும். தவறாக அமைத்த ஒரு தடுப்பு மென்பொருளை ஏமாற்றி, அந்தச் சர்வர் தனக்கென்று வைத்திருந்த தற்காலிக அனுமதியை அதனிடமிருந்தே கேட்டு வாங்கினார் ஒரு பெண், முன்பு அமேசானில் வேலை பார்த்தவர். அது வரைக்கும்கூடப் பெரிய சேதமில்லை. ஆனால் வாசலில் நிற்க வேண்டிய அந்தச் சர்வருக்கு உள்ளே இருக்கிற சேமிப்புகளை எல்லாம் பட்டியல் போட்டுப் படிக்கும் அனுமதியை யாரோ கொடுத்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேருடைய விவரங்கள் போயின. தரவு என்கிரிப்ட் ஆகித்தான் இருந்தது, அனுமதி இருந்ததால் அது தானாகவே அவிழ்ந்து கொடுத்தது. அடுத்த வருஷம் வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம். வாட்ச்மேனிடம் ஆபீஸ் இரும்புப் பெட்டிச் சாவியையும் சேர்த்துக் கொடுத்து வைத்த கதை.

உங்கள் அப்பா மண்டோர் என்றால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். காலையில் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பார், யார் வரவில்லை, யார் புதிது, எந்த நிரைக்கு யார் என்று. பதிவேட்டைச் சேர்த்து வைப்பதில் பயனில்லை தம்பி, யாராவது தினமும் அந்தக் கணக்கை எடுக்க வேண்டும். நள்ளிரவு மூன்று மணிக்குப் புதிதாக ஓர் அட்மின் கணக்கு உருவானால் அது யாருடைய கைப்பேசியில் மணி அடிக்கும் என்று கேட்டு, அந்த ஆளின் பெயரை எழுதி வைக்காமல் எந்த வடிவமைப்புப் படத்தையும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

சான்றிதழ் படியுங்கள், நேர்முகத் தேர்வுக்கு உதவும். லினக்ஸ் இயங்குதளமும் வலையமைப்பும் அதற்கு முன்னால். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உண்மையான இடம் வேண்டும், உண்மையான மனிதர்கள் பாஸ்வர்டை மறந்து, ஒட்டுத்தாளில் எழுதி, திரையில் ஒட்டி வைக்கிற இடம். முதல் கேள்வி கேட்ட சங்கச் செயலாளரும் நீங்களும் ஒரே ஊர்தான். அந்த 555 புத்தகத்தை நிரப்பவும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பேக்கப்பைத் திறந்து பார்க்கவும் அவருக்கு ஓர் ஆள் தேவைப்படும். இருவருக்கும் சம்மதமென்றால் ஆசிரியருக்கு எழுதுங்கள், சேர்த்து வைக்கிறேன். போன முதல் நாளே பெரியவர் பாசத்தில் அட்மின் பாஸ்வர்டை ஒரு தாளில் எழுதி நீட்டுவார், எனக்குத் தெரியும். வாங்காதீர்கள். உங்கள் பெயரில் தனிக் கணக்கு ஒன்று போட்டுத் தரச் சொல்லுங்கள், அந்தத் தாளையும் அவர் கையாலேயே கிழிக்கச் சொல்லுங்கள்.